எது தேய வேண்டும்?

ஒரு சுவர்க்கடிகாரம் நின்றுபோக உள்ளே எதுவும் உடைய வேண்டும் என்பதில்லை. பித்தளைத் தகட்டில் குண்டூசித் தலை அளவில் வட்டமாக இருந்த ஒரு துளை முட்டை வடிவத்துக்கு மாறினால் போதும். ஸ்பிரிங் நன்றாக இருக்கும். பல்சக்கரங்களில் ஒரு பல்கூட விழுந்திருக்காது. பெண்டுலம் நேராகத் தொங்கும். சாவி கொடுத்து ஆட்டிவிட்டால் பத்து நிமிடம் ஓடிவிட்டு நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்கள் ஒரு பக்கம் அட்டையைச் செருகிச் சற்றே சாய்த்து மாட்டுவார்கள். சில வாரம் ஓடும். பிறகு அந்த வைத்தியமும் பலிக்காது.

இயந்திரக் கடிகாரம் செய்தவர்கள் அத்தனை பேரும் இந்தத் துளையோடு மல்லுக்கட்டியவர்கள்தான். இங்கிலாந்தில் சாலிஸ்பரி தேவாலயத்தின் இரும்புக் கடிகாரத்தை 1386-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, எண்ணெய், மரம், மாணிக்கம், வெண்கலம், பிளாஸ்டிக் என்று அவரவர் காலத்தில் கையில் கிடைத்த எல்லாவற்றையும் அந்தத் துளைக்குள் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தேய்மானத்தை அடியோடு ஒழித்தவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. எந்த உறுப்பு தேயலாம், எது தேயவே கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களுடைய கடிகாரங்கள்தான் பெரும்பாலும் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கடிகாரத்தின் ஒவ்வொரு சக்கரமும் ஓர் எஃகு அச்சில் ஏறியிருக்கிறது. அச்சின் இரண்டு நுனிகளையும் மெலிதாகக் கடைந்து, பளபளவென்று மெருகேற்றியிருப்பார்கள். அந்த நுனிக்குப் பெயர் பிவட். முன் தகடு, பின் தகடு என்று இரண்டு பித்தளைத் தகடுகளில் உள்ள துளைகளில் பிவட்கள் சுழல்கின்றன. துளை தேய்ந்து ஆட்டம் கொடுக்க ஆரம்பித்தால், அதைப் பெரிதாக்கி, ஒரு சின்னக் குழாய்த்துண்டை இறுக்கமாக இறக்கி, பிவட்டுக்கு ஏற்ற அளவில் அதற்குத் துளை போடுவார்கள். அந்தக் குழாய்த்துண்டுதான் புஷ். மின்விசிறி ரிப்பேர் கடையில் ‘புஷ் போயிடுச்சு’ என்று சொல்கிறார்களே, அதே புஷ்தான். அளவு மட்டும் சிறியது.

நொடிக்கொரு டிக் சொல்லும் நெட்டைக் கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பெண்டுலத்தின் பக்கத்தில் இருக்கும் கடைசிச் சக்கரத்துக்கு 30 பற்கள். நிமிடத்துக்கு ஒரு சுற்று. நாளைக்கு 1,440, ஆண்டுக்கு 5,25,600 சுற்று. நூறு ஆண்டில் ஐந்தேகால் கோடி. மறுகோடியில் எடைக்கட்டியைத் தாங்கும் முதல் சக்கரம் நாளைக்கு ஏறக்குறைய இரண்டே சுற்று, ஆண்டுக்கு 730. இதில் எந்தத் துளை முதலில் போகும் என்று கேட்டால் ஓயாமல் சுற்றும் கடைசிச் சக்கரத்தைத்தான் யாரும் கைகாட்டுவார்கள். ஆனால் ஸ்பிரிங் வைத்த சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தால், ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் உள்ள இரண்டாவது, மூன்றாவது சக்கரங்களின் துளைகள்தான் பெரும்பாலும் சப்பிப் போயிருக்கின்றன. முழு விசையும் அங்கேதான் அழுத்துகிறது. மெதுவாகச் சுழலும் அச்சில் அந்த அழுத்தம் எண்ணெயை வெளியே பிதுக்கிவிடுகிறது. கார் எஞ்சினில் அச்சு வேகமாகச் சுழன்று, எண்ணெயைத் தன்னைச் சுற்றி இழுத்துக்கொண்டு, அதன்மேல் மிதக்கிறது. கடிகாரத்தில் எந்த அச்சுக்கும் அந்த வேகம் கிடையாது. உலோகமும் உலோகமும் தொட்டுக்கொண்டேதான் இருக்கும்.

தேய்வது எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் நடந்தாலாவது பரவாயில்லை. தள்ளும் சக்கரம் ஒரே திசையில் தள்ளுகிறது. துளையும் அந்தத் திசையிலேயே நீள்கிறது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே இருக்கவேண்டிய தூரம் முடியளவு, முடியளவாகக் கூடுகிறது. பல் ஆழமாகக் கடிக்க வேண்டிய இடத்தில் நுனி மட்டும் கடிக்கிறது. ஒருநாள் நுனியோடு நுனி முட்டிக்கொண்டு நிற்கிறது. அட்டை செருகிச் சாய்த்த கடிகாரத்தின் கதை இதுதான்.

ஐம்பது ஆண்டு ஓடிவிட்டு, கடைசிச் சில ஆண்டுகள் துடைக்கப்படாமல் கிடந்த ஒரு கடிகாரத் தகட்டைக் கண்லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளையைச் சுற்றி பச்சையும் கறுப்பும் கலந்த பிசுக்கு ஒரு வளையமாக உறைந்திருக்கும். பல்குச்சியைச் சீவி அதை எடுத்துவிட்டால் துளையின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று குழிந்திருக்கும். அச்சைக் கையில் எடுத்து பிவட்டைப் பார்த்தால் அதுவும் தேய்ந்திருக்கும்: சுற்றிலும் வரிவரியாகக் கீறல், நடுவில் இடுப்பு சிறுத்ததுபோல ஒரு பள்ளம். எஃகு பித்தளையைவிடப் பல மடங்கு கடினம். பிறகு எப்படி எஃகு தேய்ந்தது?

கிணற்றுக் கட்டைச்சுவரின் கருங்கல்லில் தாம்புக்கயிறு பள்ளம் பறித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கல்லை அறுத்தது கயிறு மட்டும் இல்லை, கயிற்றின் புரிகளில் மாட்டிக்கொண்ட மணலும் சேர்ந்துதான் அறுத்தது. காற்றில் வரும் தூசியும், துருத் துகளும், தேய்ந்து உதிர்ந்த உலோகப்பொடியும் பழைய எண்ணெயில் கலக்கின்றன. பித்தளை மெத்தென்று இருப்பதால் அந்தத் துகள்கள் அதில் பதிந்து உட்கார்ந்துவிடும். பிவட் அவற்றின்மேல் கோடிக்கணக்கான முறை உரசுகிறது. வைரம் பட்டை தீட்டுகிறவர்கள் செம்பு, வார்ப்பிரும்பு போன்றவற்றால் ஆன தட்டில் வைரப்பொடியைப் பதித்துத் தீட்டுவது இந்த இயல்பை நம்பித்தான். ஜே. எஃப். ஆர்ச்சர்ட் 1953-ல் எழுதிய தேய்மான விதி, அழுத்தமும் உரசும் தூரமும் கூடினால் தேய்வு கூடும், பொருளின் கடினம் கூடினால் தேய்வு குறையும் என்கிறது. சுத்தமான இரண்டு பரப்புகளுக்கு நடுவே அது சரி. அழுக்கு ஏறிய துளைக்குள் அந்தக் கணக்கு புரண்டுவிடுகிறது. கடிகாரம் பழுதுபார்க்கிறவர்களுக்குள் நடக்கும் பாதி விவாதம் இதை மறந்துவிட்டு நடப்பது.

எண்ணெயைத் துளைக்குள் நிறுத்துவது அடுத்த பாடு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் வேலைபார்த்த ஹென்றி சல்லி என்ற ஆங்கிலேயர், துளையின் வெளிவாயைச் சின்னக் கிண்ணம்போலக் குடையும் வழக்கத்தோடு பேசப்படுகிறார். அந்தக் குழிவும் பிவட்டும் சேருமிடத்தில் எண்ணெய் தானாக ஒட்டிக்கொண்டு நிற்கும், தகட்டில் வழியாது. இவ்வளவு எளிய ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை. எண்ணெய்தான் மாறிக்கொண்டே வந்தது. ஆலிவ் எண்ணெய் சில ஆண்டுகளில் பிசினாக இறுகியது. அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் வில்லியம் நை 1865-ல் தொடங்கிய தொழில், டால்பின் இனத்துக் கடல்விலங்குகளின் தாடை எண்ணெயைக் கடிகாரக்காரர்களுக்கு விற்று வளர்ந்தது. அது குளிரிலும் உறையாது, எளிதில் இறுகாது. நம் வீடுகளிலோ கோழி இறகால் தேங்காய் எண்ணெய் தொட்டுவைத்தார்கள். மார்கழி விடியலில் உறைந்து, வைகாசியில் உருகி ஓடி, போகிற வழியெல்லாம் தூசியைச் சேர்த்துக்கொள்ளும் எண்ணெய் அது. பழைய அழுக்கைத் துடைக்காமல் எதன்மேலும் புது எண்ணெய் விட்டால் அரைக்கும் பொடியைக் குழைத்துக் கொடுத்ததாகத்தான் ஆகும்.

எண்ணெயே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ஒருவர் இருந்தார். ஜான் ஹாரிசன், 1693-ல் யார்க்‌ஷயரில் பிறந்த தச்சர் மகன். லிங்கன்‌ஷயரில் பிராக்கிள்ஸ்பி பண்ணை மாளிகையின் குதிரைலாயக் கோபுரத்துக்கு 1722-ஐ ஒட்டி அவர் ஒரு கடிகாரம் செய்தார். சக்கரங்கள் ஓக் மரம். ஈரத்தில் துருப்பிடிக்கும் என்று இரும்பையும் எஃகையும் ஒதுக்கிவிட்டு, உலோகம் வேண்டிய இடத்தில் பித்தளை வைத்தார். உரசும் இடங்களுக்கு லிக்னம் விட்டே என்ற மரம். கரீபியன் தீவுகளிலும் தென் அமெரிக்காவின் வடகரையிலும் வளர்வது, தண்ணீரில் போட்டால் மூழ்கும், பிசின் நிறைந்தது. உரசினால் அந்தப் பிசினே கசிந்து வழுக்கும்.

ஹாரிசன் இதைப் புத்தகம் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. மரத்தின் குணம் தெரிந்த கை அது. சக்கரத்தின் பற்கள் ஒடியாமல் இருக்க, மரத்தின் ரேகை ஒவ்வொரு பல்லிலும் வெளிநோக்கி ஓடும்படி துண்டுகளைப் பொருத்தினார். அச்சு நுனிகளைத் துளைக்குள் உரசவிடுவதற்குப் பதிலாக உருளைகளின்மேல் உருளவிட்டார். சக்கரத்தைப் பல் பல்லாக விடுவித்துப் பெண்டுலத்தை ஆடவைக்கும் உறுப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். முதலில் அந்தக் கடிகாரத்தில் வைத்த எஸ்கேப்மென்ட் எண்ணெய் கேட்டதால் அதையும் தூக்கிவிட்டு, வெட்டுக்கிளியின் காலைப்போல உதைத்து விலகும் புதியதொன்றைக் கண்டுபிடித்தார். அதில் உரசலே கிட்டத்தட்ட இல்லை. முந்நூறு ஆண்டைத் தொட்டுவிட்ட அந்தக் கடிகாரம் இப்போதும் ஓடுகிறது.

அதே மரம் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நீராவிக் கப்பல்களுக்குப் போனது. கப்பலின் பின்புறம், கடல்நீருக்குள் சுழலும் உந்துதண்டைத் தாங்கும் உலோகப் புஷ்கள் சீக்கிரம் அழிந்துகொண்டிருந்தன. லண்டன் பொறியாளர் ஜான் பென் அங்கே லிக்னம் விட்டே பட்டைகளை வைத்தார். தண்ணீரே எண்ணெயாக வேலை செய்தது. அணுசக்தியில் ஓடிய முதல் நீர்மூழ்கியான நாட்டிலஸிலும் அந்த மரம் இருந்தது. இன்று அதன் வணிகத்துக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு உண்டு, அவ்வளவு வெட்டிவிட்டோம்.

ஹாரிசனின் பிந்தைய வாழ்க்கை இன்னும் சுவையானது. நடுக்கடலில் தீர்க்கரேகை காண வழி சொல்பவருக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714-ல் அறிவித்த 20,000 பவுண்டு பரிசுக்காக அவர் மூன்று பெரிய கடிகாரங்கள் செய்தார். மூன்றிலும் எண்ணெய் கிடையாது. மூன்றாவதில் அவர் வைத்த, கூட்டுக்குள் அடைத்த உருளைகளின் வம்சம்தான் இன்று நம் வண்டிகளில் இருக்கும் ரோலர் பேரிங். நான்காவது, 1759-ல் முடிந்தது, சுமார் 13 செ.மீ. குறுக்களவுள்ள பெரிய பாக்கெட் கடிகாரம். அதில் அவர் தன் விரதத்தை முறித்தார். மாணிக்கத் துளைகளும் எண்ணெயும் வைத்தார். 1761-ல் கப்பலேறி ஜமைக்காவுக்குப் போன அந்தக் கடிகாரம் 81 நாளில் ஐந்து நொடி மட்டுமே பின்தங்கியது. பரிசுக்குத் தகுதி பெற்றது இதுதான்.

இன்று நான்கும் கிரீனிச்சில் இருக்கின்றன. ரூபர்ட் கோல்ட் என்ற கடற்படை அதிகாரி 1920-ல் அவற்றை அழுக்கும் களிம்புமாகக் கண்டெடுத்து, 1933 வரை உட்கார்ந்து சீர்செய்தார். பார்வையாளர்கள் போனால் முதல் மூன்றும் ஓடுவதைப் பார்க்கலாம். உலகப் புகழ்பெற்ற நான்காவது நின்றுதான் இருக்கிறது. எண்ணெய் தேவைப்படும் கடிகாரம் ஓடினால் தேயும், பிரித்துத் துடைக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறையும் ஹாரிசனின் கைவேலையில் கொஞ்சம் போகும் என்பதால் அதை ஓடவிடுவதில்லை. நிறுத்தி வைத்ததை நான் முழுமனதாக ஏற்கிறேன். தெருக்கோடிக் கடிகாரத்தை நிறுத்திவைக்க அது காரணமாகாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மாணிக்கத்தின் கதையில் வழக்கும் வம்பும் அதிகம். நியூட்டனின் நண்பரும் சுவிஸ் கணிதவாணருமான நிக்கோலா ஃபாஷியோ, மாணிக்கத்தில் நுண்துளை போடும் வித்தைக்கு, லண்டனில் குடியேறியிருந்த டெபோஃப்ர் சகோதரர்களோடு சேர்ந்து 1704-ல் காப்புரிமை வாங்கினார். அதை நீட்டிக்க நாடாளுமன்றத்துக்குப் போனபோது லண்டன் கடிகாரச் சங்கம் எதிர்த்தது. இது பழைய சமாசாரம் என்று காட்ட, இக்னேஷியஸ் ஹக்ஃபர்டு என்பவர் செய்த, கல் பதித்த பழைய கடிகாரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீட்டிப்பு கிடைக்கவில்லை. நெடுங்காலம் கழித்து அந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்தபோது அதிலிருந்த கல் வெறும் அலங்காரம் என்று தெரிந்தது; பிவட்டை அது தாங்கவே இல்லை.

கல் நல்ல பொருள்தான். மெருகேற்றிய மாணிக்கத்தில் அழுக்குத் துகள் பதியாது. எண்ணெய் அதோடு கெடாது. ஒகஸ்த் வெர்னோய் 1902-ல் மாணிக்கத்தைச் சுடரில் உருக்கி வளர்க்கும் முறையை வெளியிட்ட பிறகு விலையும் சல்லிசாகிவிட்டது. அதன்பின் கல் எண்ணிக்கை விளம்பரமானது. எச்.எம்.டி. டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று அச்சிட்டிருந்ததை மறந்தவர் யார்? அந்தப் பதினேழும் வேலை செய்த கற்கள். வெளிநாடுகளில் சிலர் அறுபது, எழுபது, நூறு என்று வேலையில்லாத கற்களை ஒட்டி எண்ணிக்கை ஏற்ற, வேலை செய்யும் கல்லை மட்டுமே கணக்கில் சொல்லலாம் என்று 1974-ல் சர்வதேசத் தரம் ஒன்று வரவேண்டியிருந்தது. இங்கே வாட்ச் கடைப் பெட்டிக்கு முன்னால் நின்று, ‘பாய், கல்லை மாத்திடாதீங்க’ என்று சிரித்தபடி எச்சரித்தவர்கள் உண்டு. செயற்கைக் கல்லைத் திருடி அவர் என்ன சம்பாதித்திருப்பார், பாவம்.

சுவர்க்கடிகாரத்துக்குக் கல் சரிப்படாது. விசை அதிகம், அடி பட்டால் கல் விரியும். சாதாரண வீட்டுக்குக் கடிகாரத்தைக் கொண்டுவந்தது பித்தளைத் தகடு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஈலை டெர்ரி, 1807-ல் நாலாயிரம் மரக் கடிகாரங்கள் செய்து கொடுக்க ஒப்பந்தம் போட்டு, மூன்று ஆண்டில் முடித்தார். கடிகாரத்தை மொத்தமாகச் செய்யமுடியும் என்று காட்டியது அந்த வேலை. ஆனால் மரச்சக்கரம் கடல்காற்றில் ஊதிக்கொள்ளும், கப்பலேற்ற முடியாது. 1830-களின் கடைசியில் சான்சி ஜெரோம், உருட்டாலையில் வந்த மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் வெட்டி மலிவாகக் கடிகாரம் செய்தார். 1842-ல் இங்கிலாந்துக்கு ஒரு சரக்கு அனுப்பினார். இவ்வளவு குறைந்த விலை பொய்யாகத்தான் இருக்கும் என்று சுங்கத்துறை அவர் சொன்ன விலைக்கே, சட்டப்படி சற்றுக் கூட்டிக் கொடுத்து, முழுச் சரக்கையும் எடுத்துக்கொண்டது. ஜெரோமுக்குக் கொண்டாட்டம், அடுத்த கப்பலிலும் அனுப்பினார், அதையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது தடவைதான் அதிகாரிகளுக்கு உறைத்தது.

அந்தக் கடிகாரங்களில் தகடே துளை, தனியாகப் புஷ் கிடையாது. நூறு ஆண்டு ஓட வேண்டும் என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை. அப்படியும் ஓடின. அன்சோனியா, சேத் தாமஸ், ஜெர்மனியின் யூங்கன்ஸ், 1892-ல் டோக்கியோவில் தொடங்கிய செய்கோஷா என்று அந்தப் பரம்பரைக் கடிகாரங்கள் நம் ரயில் நிலையங்களுக்கும் பள்ளிகளுக்கும் செட்டிநாட்டு வளவுகளுக்கும் வந்துசேர்ந்தன. அன்சோனியா தன் இயந்திரங்களையே 1929-ல் சோவியத் யூனியனுக்கு விற்றுவிட்டது. கடிகாரங்கள் மட்டும் இங்கே சுவரில் தங்கின. உதிரிபாகம் வராத நாட்டில் அவற்றை ஓடவைத்தவர்கள் ஊருக்கு ஒருவராக இருந்த பழுதுபார்ப்பவர்கள்.

அவர்கள் விட்டுப்போன அடையாளங்களைத் தகட்டில் படிக்கலாம். தேய்ந்த துளையைச் சுற்றிப் பொட்டுப்பொட்டாகக் கூர் உளியால் அடித்த தழும்பு: பித்தளையை உள்நோக்கித் தள்ளித் துளையைச் சுருக்கும் குறுக்கு வழி. துளைக்குப் பக்கத்தில் ஈயப்பற்று வைத்து ஒட்டிய பித்தளைத் துண்டு. இங்கே மட்டும் இல்லை, லண்டனிலும் நியூயார்க்கிலும் இதே தழும்புகள்தான். சேகரிப்பாளர்கள் இதைக் கண்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. வாடிக்கையாளர் கொடுத்தது உளியடிக்குத்தான் கட்டும். உளியால் அடித்த துளை சில ஆண்டு ஓடும், மறுபடி சப்பும். தகட்டின் தழும்பு மட்டும் போகாது. மலிவுவிலைப் பழுதுபார்ப்பின் செலவு அடுத்த தலைமுறையின் கணக்கில் ஏறிவிடுகிறது, அதுதான் கோளாறு.

ஒழுங்காகப் புஷ் போடுவது நிதானமான வேலை. சப்பிய துளையின் நடுவே, துளையைப் பெரிதாக்கும் கருவியான ரீமரை நேராக இறக்கினால் புதுத் துளையும் தப்பான இடத்தில்தான் விழும். தேயாத பக்கத்தை முதலில் அரத்தால் ராவி, பழைய மையத்தை மீட்க வேண்டும். பிறகு தகட்டின் உட்பக்கத்திலிருந்து ரீமர் போட்டு, புஷ்ஷை அமுக்கி, பிவட்டுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டுத் துளையைத் தீர்த்து, எண்ணெய்க் குழியைக் குடைய வேண்டும். முடிந்ததும் அந்த ஒரு சக்கரத்தை மட்டும் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து மூடி, கையில் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினால், அச்சு தன் எடையிலேயே ‘டொக்’ என்று மறுபக்கம் விழ வேண்டும். விழத் தயங்கினால் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

எந்தப் பொருளில் புஷ் என்பதுதான் சண்டை. பித்தளைக் கட்சி, தகடு எதுவோ அதுவே புஷ் என்கிறது. வெண்கலக் கட்சி, வெண்கலம் கெட்டி, அதிக நாள் உழைக்கும் என்கிறது. 1930-களில் அமெரிக்கக் கார்த் தொழிலில் பரவிய, பொடியை அழுத்திச் சுட்டுச் செய்யும் நுண்துளை வெண்கலத்துக்கும் ஆட்கள் உண்டு. எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஆனால் ரீமரை விட்டதும் அந்த நுண்துளைகள் அடைபட்டுப்போகும். குட்டி பால் பேரிங் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது இனிமேல் அந்தக் கடிகாரமே இல்லை என்பேன். நாள்தோறும் ஓடும் வீட்டுக் கடிகாரத்தில் ஸ்பிரிங் பக்கத்துத் துளைகளுக்கு வெண்கலம் போட்டால் தவறில்லை. வயதும் அருமையும் உள்ள கடிகாரத்தில் பித்தளையே போட வேண்டும்: கண்ணை உறுத்தாது, தேய்ந்தால் அமுக்கி எடுத்துவிட்டு இன்னொன்று போடலாம், பிவட்டைத் தின்னும் வாய்ப்பும் குறைவு. ஐசக் பேபிட் 1839-ல் தகரம் கலந்த மென்மையான உலோகத்தைப் பெரிய இயந்திரங்களின் தாங்கிக்குள் பூசியதும் இதே கணக்கில்தான். மெத்தான பூச்சு அழியட்டும், அச்சு பிழைக்கட்டும் என்று.

ஆனால் பொருளைப் பற்றிப் பேசிப் பேசி பிவட்டை விட்டுவிடுகிறார்கள். கீறல் விழுந்த பிவட்டை அப்படியே வைத்துக்கொண்டு எவ்வளவு உயர்ந்த புஷ் போட்டாலும் சில ஆண்டில் அறுத்துவிடும். முதலில் பிவட்டை நேராக்கி, மெருகுக்கோலால் அழுத்தி மெருகேற்ற வேண்டும். அப்படி அழுத்தும்போது எஃகின் மேல்தோலும் இறுகுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வந்த சில ஜெர்மன் இயந்திரங்களில், செலவைக் குறைக்க எஃகு பிவட்டின்மேல் முலாம் பூசியிருந்தார்கள். முலாம் உரிந்து, உரிந்த செதில்களே துளையைக் கடைந்தன. இருநூறு ஆண்டுக்கு முந்தைய சாதாரணப் பிவட்கள் இதைவிட நன்றாக உழைத்திருக்கின்றன.

கழுவுவதிலும் ஆபத்து உண்டு. பித்தளையைப் பளிச்சென்று ஆக்கும் கழுவுநீர்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும். அடித்து, வளைத்து, இறுக்கத்தில் இருக்கும் பித்தளைக்கு அம்மோனியா எமன். இந்த உண்மை தெரியவந்ததில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரைலாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தாமாக விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் ஈரமும் உறைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்த வினை அது என்று 1921-ல்தான் விளக்கினார்கள். கடிகாரத் தகட்டைக் கழுவுநீரில் இரவு முழுக்க ஊறப்போடுகிறவர்கள் அந்தத் தோட்டாக்களை நினைத்துக்கொள்வது நல்லது.

தேயும் உறுப்பைத் தனியாகக் கழற்றலாம் என்று திட்டமிட்டே செய்த பெரிய கடிகாரம் லண்டன் நாடாளுமன்றக் கோபுரத்தில் 1859-லிருந்து ஓடுகிறது. எட்மண்ட் பெக்கெட் டெனிசன் என்ற வழக்கறிஞர் வரைந்த அமைப்பு அது. இரட்டைத் தகட்டுக்குள் எல்லாச் சக்கரத்தையும் அடைப்பதற்குப் பதிலாக ஒரு நீண்ட படுக்கைச் சட்டத்தின்மேல் வரிசையாக வைத்து, ஒன்றைக் கழற்ற மற்றவற்றைத் தொடவேண்டாம் என்று செய்தார். 1976 ஆகஸ்டில் உலோகச் சோர்வால் மணியடிக்கும் பகுதி வெடித்துச் சிதறியபோதும், 2017-லிருந்து சில ஆண்டு முழுக்கப் பிரித்துச் சீர்செய்தபோதும் அந்தக் கடிகாரம் மறுபடி எழுந்து ஓடியது. கடிகாரத்துக்கு வெளியிலும் இதே பாடம்தான். பீட்டர் ஜோஸ்ட் என்பவர் 1966-ல் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் அந்நாட்டுத் தொழில்கள் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று கணக்குச் சொன்னது. ஊர்க்கடைக் கடிகாரக்காரருக்குத் தெரிந்த சங்கதிக்கு அரசாங்க அறிக்கை வந்ததில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

பிறகு வந்த குவார்ட்ஸ் எல்லாவற்றையும் மாற்றியது. 1969-ல் ஜப்பானில் வந்த கைக்கடிகாரத்துக்குப் பின்னால் ஓசூரில் டைட்டன், குஜராத்தின் மோர்பியில் சுவர்க்கடிகாரத் தொழில் என்று நேரம் மலிவானது, துல்லியமும் ஆனது. அதில் குறையொன்றும் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில் துளையும் பிளாஸ்டிக், சக்கரமும் பிளாஸ்டிக். தேய்ந்தால் பெட்டியையே மாற்றவேண்டியதுதான். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இதற்கென்று சட்டமே போட்டது. செல்போனும் துவைக்கும் இயந்திரமும் பேசப்படுகிற அந்த விவாதத்தில் கேட்கவேண்டிய கேள்வி கடிகாரத் தகட்டில் எப்போதோ கேட்கப்பட்டுவிட்டது: முதலில் அழியப்போகும் உறுப்பு எது, அதைத் தனியாக மாற்றமுடியுமா?

வீட்டில் நின்றுபோன பழைய கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தையல் மிஷின் எண்ணெயோ விடாதீர்கள். ஓடுகிற கடிகாரமானாலும் சில ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துத் துடைக்கக் கொடுங்கள். நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவைக்கும் ஆண்டுகளில்தான் துளை சப்புகிறது. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது எத்தனை புஷ் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், பிவட்டை மெருகேற்றினீர்களா என்று கேளுங்கள். எந்தத் துளைக்கு, எந்த ஆண்டில், எந்த உலோகத்தில் புஷ் போட்டார் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி, பெட்டியின் உட்கதவில் ஒட்டிவையுங்கள். அவர் கேட்கும் கூலி கொஞ்சம் கூடுதலாகத் தோன்றினாலும் பேரம் பேசாமல் கொடுங்கள்.